எட்வின் குடித்த பால்

ஜூன் 3, செவ்வாய்

அக்கா, மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. இந்த வேளையில் உட்கார்ந்து உனக்கு எழுதுவது தப்புதான், கோபித்துக்கொள்ளாதே. நிலவன் இப்போதுதான் கண் மூடினான். அவன் தூங்கினால்தான் என் கை எனக்குச் சொந்தம். மனசில் ஓடுவதைத் தேதி போட்டு நோட்டில் எழுது, மாதக் கடைசியில் படம் எடுத்து அனுப்பு, மொத்தமாகப் படிக்கிறேன் என்று நீதானே சொன்னாய். போனில் பேசினால் நான் பாதியை மறைத்துவிடுகிறேனாம். சரி, எழுதுகிறேன்.

இன்று வேலையில் சேர்ந்தேன். எங்கள் கருங்குன்று எஸ்டேட்டின் பழைய துரை பங்களாவைச் சொகுசு விடுதி ஆக்குகிறார்கள். ஆகஸ்டில் திறப்பு. நூற்றிருபது வருடத்துக்கு முன் அங்கே இருந்த ஹாலம் துரையின் மனைவி, சீமையில் இருந்த தன் தங்கைக்கு எழுதிய கடிதங்களை அந்த வம்சத்தில் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். அவற்றைத் தமிழில் பெயர்த்து, சுவரில் மாட்டும் பலகைகளுக்கு வாசகம் எழுதித் தர வேண்டும். இந்த மலையில் எம்.ஏ. வரலாறு படித்துவிட்டுச் சும்மா இருப்பவள் நான் ஒருத்திதான் என்று எங்கள் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் சொல்லி வைத்திருக்கிறார்.

விடுதி மேனேஜர் ரகுநந்தன், சென்னைக்காரர். பெரிய பலகைக்குத் தலைப்பை அவரே கொடுத்துவிட்டார்: "ஒரு சின்னத் தீவு உலகை வென்ற கதை: நம் மலையிலிருந்து." வாசலில் யானையின் காலை வெட்டிக் குடைந்து குடை செருகும் பாத்திரமாக வைத்திருக்கிறார்கள். நகங்களுக்குப் புதிதாக வார்னிஷ் அடித்திருந்தது.

நிலவனைப் பார்த்துக்கொள்ள லூர்துமேரி என்று ஒரு பெண் கிடைத்திருக்கிறாள். இருபத்து மூன்று வயது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள். புருஷன் திருப்பூர் பனியன் கம்பெனியில். அவளுக்கும் ஐந்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை, பிரின்சி. இன்று அதையும் தூக்கிக்கொண்டு வந்தாள். அது இருமியது. உனக்குத்தான் தெரியுமே, எனக்கு இருமல் சத்தம் கேட்டாலே பயம்.

"தம்பிக்கு ஒட்டிக்கும் மேரி. நாளைலேர்ந்து அவள வீட்ல விட்டுட்டு வர முடியுமா?"

"ஒரு மூலைல போட்டுக்கிறேம்மா. சத்தமே காட்டாது."

"பிள்ளைங்கள விடற எஸ்டேட் கிரெச் இருக்கில்ல?"

"தோட்டத்துச் சம்பள செக்ரோல்ல பேரு இருந்தாத்தாம்மா கிரெச்சுல சேப்பாங்க. நா இங்க வந்ததும் பேர எடுத்துட்டாங்கல்ல." பிறகு அவளே சிரித்தாள். "மாமியா பாத்துக்கும், விடுங்க."

நல்லவேளை, அதோடு முடிந்தது.

ஜூன் 6, வெள்ளி

கடிதங்கள் நான் நினைத்ததுபோல் இல்லை. பூந்தொட்டி, நாய்க்குட்டி, மழை என்று நாலு பக்கம் போகிறது. நடுவில் சாதாரணமாக ஒரு பத்தி வருகிறது, அதற்குப் பிறகு நாள் முழுக்கச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

துரைசாணிக்கு எட்வின் என்று ஆண் குழந்தை. பால் சுரக்கவில்லை. கங்காணி, கூலியாட்கள் குடியிருந்த லைன் வீடுகளிலிருந்து பிள்ளை பெற்ற மூன்று பெண்களைக் கூட்டி வந்து வராந்தாவில் நிறுத்தியிருக்கிறான். வெள்ளைக்கார டாக்டர் பல்லைப் பார்த்தாராம், மார்பை அழுத்திப் பார்த்தாராம், பாலைக் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். இரண்டு மாதக் குழந்தை உள்ள ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். பேர் எழுதவில்லை. "ஆயா" என்று மட்டும். "நல்ல உடம்பு, சுத்தமானவள், அதிகம் பேசமாட்டாள்" என்கிறது கடிதம்.

த்தூ. சந்தையில் மாடு பிடிக்கிறவனாவது மாட்டுக்கு ஒரு பேர் வைப்பான்.

நான் மேரியை எடுத்தது அப்படியில்லை. கங்காணி இரண்டு பேரை அனுப்பினார். சுத்தமாக இருந்தவளை வைத்துக்கொண்டேன். நகம் மட்டும் பார்த்தேன், குழந்தையைத் தூக்குகிற கை என்பதால்.

ஜூன் 8, ஞாயிறு

மேரிக்கு லீவு. நாள் முழுக்க நரகம். நிலவன் பாட்டிலை வாயில் வைத்தாலே தட்டிவிடுகிறான். நாலு தடவை வெந்நீரில் போட்டு எடுத்துப் புதிதாகக் கலக்கினேன். மே மாதம் எனக்கு வந்த காய்ச்சலுக்குப் பிறகு என்னிடம் இருப்பது ஒரு கரண்டிப் பால். அதைக் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து வீறிட்டான்.

"அட, மேரி வந்தா குடிச்சுக்குவான் விடு கண்ணு. உன்னய விட அவளத்தான் புடிச்சிருக்காட்ட இருக்குது பையனுக்கு" என்று பூபதி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாப்கின் எதுவும் காயவில்லை. கணப்புச் சட்டிமேல் கூடையைக் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொன்றாகக் காய வைத்தேன். வீடு முழுக்கப் புகையும் மூத்திரமும் நாறுகிறது.

ஜூன் 9, திங்கள்

மேரியிடம் கேட்டேன், நேற்று ஏன் குடிக்கவில்லை, உன்னிடம் மட்டும் எப்படிக் குடிக்கிறான் என்று.

"தம்பி ரோசக்காரரும்மா. ஞாயித்துக்கெழம எனக்கு லீவு குடுத்தீங்க, அவரக் கேட்டீங்களா?"

இருவரும் சிரித்துவிட்டோம். கலகலப்பான பெண்தான்.

ஜூன் 12, வியாழன்

இன்று படித்தது துரைசாணி வாராவாரம் எழுதிய கடிதங்கள். முதல் பத்தியில் தேயிலை, இத்தனை ஆயிரம் பவுண்டு எடை கப்பலுக்குப் போனது என்று. அடுத்த பத்தியில் எட்வின், இந்த வாரம் இத்தனை பவுண்டு எடை என்று. இரண்டும் ஏறிக்கொண்டே போகின்றன. தங்கைக்கு எழுதுகிறாள்: "உங்கள் ஊர் ஆலைத் தொழிலாளி காலையில் குடிக்கிற கோப்பை எங்கள் மலையிலிருந்து வருகிறது. அதைக் குடித்துவிட்டுத்தான் அவன் பத்து மணி நேரம் நிற்கிறான். நாம் இங்கே சும்மா இல்லை, ஒரு தேசத்தையே வளர்க்கிறோம்."

அதில் பொய் ஒன்றுமில்லை, அதுதான் அருவருப்பாக இருக்கிறது. இந்த மலைத் தேக்கு போய்க் கப்பலானது, கப்பல் பீரங்கி சுமந்தது, அந்தப் பீரங்கியின் நிழலில் தேயிலைக்குக் காடு அழித்தார்கள். ஏகாதிபத்தியம் வல்லரசுகளை எப்படி உயர்த்தியது என்ற கேள்விக்கு நாங்கள் கல்லூரியில் பத்து மதிப்பெண் விடை எழுதுவோம்: மூலப்பொருள், சந்தை, மலிவான உழைப்பு, கடற்படை. நானும் அழகான கையெழுத்தில் எழுதி ஒன்பது வாங்கினேன். பால் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

ரகுநந்தனுக்கு ஆயா சமாச்சாரம் ரொம்பப் பிடித்துவிட்டது. பழைய போட்டோ ஒன்றைக் காட்டினார். கறுப்பான ஒரு பெண், மடியில் சரிகைத் தொப்பி போட்ட வெள்ளைக் குழந்தை.

"இதான் மேடம் நம்ம ஹைலைட். தாய்ப்பாசத்துக்கு நிறம் கிடையாதுன்னு போடுங்க. எட்வின் பின்னாடி நேவில பெரிய அட்மிரல். நம்ம ஊர் பால் குடிச்சு வளர்ந்தவன். பெருமையா இல்ல?"

"அந்தம்மா குழந்தை என்ன சார் ஆச்சு?"

"எந்தம்மா?" என்றார்.

ஜூன் 13, வெள்ளி

மழை. பவுடர் பால் டப்பா திறந்து பத்து நாள் ஆகிறது, பாதிகூடக் குறையவில்லை. நல்ல கம்பெனி.

ஜூன் 15, ஞாயிறு

டிஸ்பென்சரியில் நேற்று எடை பார்த்தார்கள். நிலவன் ஒரே மாதத்தில் தொள்ளாயிரம் கிராம் ஏறியிருக்கிறான். நர்ஸ் என்னைத் தட்டிக்கொடுத்தாள். தொடையில் மடிப்பு விழுகிறது அக்கா, பார்த்தால் கடித்துவிடுவாய்.

அவரைச் சந்தைக்கு அனுப்பிப் பால்சுறாக் கருவாடும் பூண்டும் முட்டையும் வாங்கி வரச் சொன்னேன். "உனக்குப் பால் ஊறுதா மறுபடியும்?" என்று கேட்டார். ஆமாம், முயற்சி பண்ணுகிறேன் என்றேன். எனக்குத்தான் கருவாடு வாசமே ஆகாதே, அதனால் புட்டு செய்து மேரிக்குக் கொடுத்துவிட்டேன். வீணாகக் கூடாதில்லையா. பாவம், ஒல்லியாக இருக்கிறாள்.

ஜூன் 18, புதன்

ஒரு விஷயம் இன்றுதான் தெரிந்தது. மேரி தினமும் மத்தியானம் நிலவன் தூங்கும்போது பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு லைனுக்கு ஓடுகிறாள். போக வர மூன்று கிலோமீட்டர். பிரின்சிக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடி வருகிறாள். இன்று நான் சீக்கிரம் வந்தபோது கதவில் நின்றாள், தலையிலிருந்து சொட்டுகிறது, கணுக்காலில் இரண்டு அட்டை.

"இப்படி நனைஞ்சு வந்து தம்பியத் தூக்கினா என்னத்துக்கு ஆவும் மேரி?"

"துணி மாத்திக்கிட்டுத்தாம்மா தூக்குவேன்."

"அங்க எல்லாருக்கும் காய்ச்சல்னு சொல்றாங்க. மத்தியானம் போக வேணாம். வேணும்னா மாமியார்கிட்ட பவுடர் பால் குடுத்து விடு. இந்த டப்பாவையே எடுத்துக்கோ, நாங்க வேற வாங்கிக்கறோம்."

அவள் டப்பாவை வாங்கிக்கொண்டாள். அதிகம் பேசாத பெண்.

ஜூன் 19, வியாழன்

இன்றைய கடிதத்தை அப்படியே தருகிறேன்.

"ஆயாவை இனி லைனுக்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். அங்கே காய்ச்சல் இருக்கிறது. தவிர, போனால் தன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வற்றிப்போய் வருகிறாள். அவளுக்கு முட்டையும் ஆட்டிறைச்சிச் சாறும் நானே பார்த்துக் கொடுக்கிறேன். பிள்ளைக்கு அரிசிக் கஞ்சி போதும் என்று கங்காணி சொல்கிறான். நாங்கள் அவளிடம் கடுமையாக நடந்துகொள்வதில்லை."

ரகுநந்தன், "என்ன மேடம், டல்லா இருக்கீங்க?" என்றார். தலைவலி என்றேன்.

இன்று இதற்குமேல் எழுதப்போவதில்லை.

ஜூன் 21, சனி

துணி துவைத்தேன். ரசம் வைத்தேன். நிலவனுக்கு முதல் பல் எட்டிப் பார்க்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

அந்த வரி வந்துவிட்டது. இங்கிலீஷில் ஒன்றரை வரி. ஒரு புதுத் திரைச்சீலைக்கும் சின்ன துரை வீட்டு விருந்துக்கும் நடுவில் இருக்கிறது.

"ஆயாவின் குழந்தை செவ்வாயன்று லைனில் இறந்துவிட்டது. பால் கெட்டுவிடும் என்பதால் அவளிடம் சொல்லவில்லை."

எத்தனை நாள் சொல்லவில்லை என்று தெரியவில்லை. அடுத்த ஆறு கடிதங்களையும் புரட்டிப் பார்த்தேன். எட்வின் எடை இருக்கிறது, தேயிலை எடை இருக்கிறது. அவள் அழுதாளா, எப்போது தெரிந்தது, எங்கே புதைத்தார்கள், ஒன்றும் இல்லை. ஏழாவது கடிதத்தில் "ஆயா பயன்படவில்லை, வேறு ஒருத்தியை வைத்திருக்கிறோம்" என்று இருக்கிறது. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக ரகுநந்தனிடம் போனேன்.

இதைப் பலகையில் போட வேண்டும் என்றேன்.

"மேடம், இது டைனிங் ஹால்ல மாட்டப்போற போர்டு. இதப் படிச்சிட்டு எவன் சாப்பிடுவான்?"

"அவன் அட்மிரல் ஆனத மட்டும் படிச்சிட்டுச் சாப்பிடலாமா?"

"டோன் கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும்னுதான் சொல்றேன். அந்தக் காலத்துல எல்லாரும் பண்ணதுதானே? சோறு போட்டிருக்காங்க, துணி குடுத்திருக்காங்க. ஏன், நீங்களும்தான் வீட்ல ஒரு ஆள வெச்சுட்டு வேலைக்கு வர்றீங்க. அந்தப் பொண்ணுக்கும் ஒரு வருமானம். இதுல என்ன தப்பு?"

நான் கோபமாக எழுந்து வந்துவிட்டேன். இவனெல்லாம் ஒரு மனுஷன். எதையோ எதனோடோ முடிச்சுப்போடுகிறான்.

ஜூன் 26, வியாழன்

அக்கா, இன்று எழுதுவதை நீ படிக்கும்போது நான் எதிரில் இல்லாதது நல்லது.

மதியமே வீட்டுக்கு வந்தேன். மேரி சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நிலவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்தாள். அவன் விடவில்லை. ஒரு கையால் அவள் தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண் பாதி மூடி, என்னைப் பார்த்துச் சிரித்தான். வாயோரம் பால்.

"எவ்ளோ நாளா மேரி?" என்று கேட்டேன். அந்தக் குரலைக் கேட்க எனக்கே அசிங்கமாக இருந்தது, ஏதோ இப்போதுதான் தெரிந்த மாதிரி.

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"நீங்க பால்சுறா புட்டு செஞ்சு குடுத்தீங்களேம்மா, அப்ப உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன்."

பக்கத்து வீட்டில் குக்கர் ஆறு தடவை விசில் அடித்தது.

"பிரின்சிய விட்டுட்டு வந்த மொத நாளு தம்பி பாட்டில எடுக்கவே இல்ல. பசிச்சு அழுவுது. எனக்கு மார்ல பால் கட்டிக்கிட்டு வலி உசுரு போவுது. எம்புள்ளயத்தான் கொண்டு வரக் கூடாதுன்னுட்டீங்க. என்னம்மா பண்ணச் சொல்றீங்க?"

பிறகு மெதுவாகச் சொன்னாள், பிரின்சிக்கு மூன்று நாளாக வயிற்றோட்டம். மாமியார் பவுடரைப் பச்சைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்திருக்கிறார். ராத்திரி மார்பில் போட்டால் இழுக்கத் தெம்பில்லாமல் விட்டுவிடுகிறதாம்.

"மூணு நாளா ஏன் சொல்லல?"

"சொன்னா தம்பிய என்னத் தொடவிட மாட்டீங்கன்னு பயந்தேம்மா. வேலையும் போயிரும். செக்ரோல்லயும் பேரு இல்ல."

அக்கா, அந்த நொடி எனக்கு முதலில் வந்த நினைப்பு பிரின்சியைப் பற்றியது இல்லை. மூன்று நாளாக இவள் அந்தக் கையோடுதானே நிலவனைத் தூக்கியிருக்கிறாள் என்பதுதான். ஓடிப்போய் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அவளுக்கு முன்னாலேயே.

ஜூன் 27, வெள்ளி

காலையில் நானே அவளோடு லைனுக்குப் போனேன். இரண்டு வருடமாக இந்த எஸ்டேட்டில் இருக்கிறேன், அந்தப் பாதையில் இறங்கியதில்லை. பிரின்சி ஒரு பழைய கம்பளியில் கிடந்தாள். நிலவனைவிட இரண்டு மாதம்தான் சின்னவள். கண் உள்ளே போய், வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளின இடம் அப்படியே நிற்கிறது. அழுகிறாள், கண்ணீர் வரவில்லை. உன் ஆஸ்பத்திரி அனுபவத்தில் நீ ஒருதரம் சொல்லியிருக்கிறாய், கண்ணீர் இல்லாமல் அழுகிற குழந்தையைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நிற்காதே என்று.

மேரியின் மாமியார் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எனக்கு முக்காலி தேடினார். "ஒண்ணுமில்ல துரைசாணி, பல்லு வர்றதுக்குப் போவுது" என்றார். இந்தப் பக்கம் எந்த ஆபீசர் வீட்டுப் பெண் வந்தாலும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். எனக்கு உடம்பெல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி இருந்தது.

டிஸ்பென்சரியில் எடை மூன்று கிலோ எண்ணூறு. பிறகு போன், ஆம்புலன்ஸ். பூபதி அவர்களோடு கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு இறங்கினார். நாற்பது கொண்டையூசி வளைவு, அடைமழை. வண்டியில் ஏறும்போது மேரி என்னிடம் சொன்னது: "தம்பிக்கு ராத்திரி பாட்டில் குடுக்குறப்ப தோள்ல போட்டு நடந்துக்கிட்டே குடுங்கம்மா. உக்காந்தா குடிக்காது."

அதைத் திட்டாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஜூன் 29, ஞாயிறு

நிலவன் இரண்டு நாளாக அழுகிறான். கொஞ்சம் குடிக்கிறான், கொஞ்சம் துப்புகிறான். ஸ்பூனில் ஊட்டுகிறேன். மார்பில் போட்டுக்கொண்டே இருக்கிறேன். வலிக்கிறது, வலிக்கட்டும்.

நேற்று பங்களாவுக்குப் போய்ப் பலகை வாசகத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒன்றரை வரிதான் எழுதினேன், செவ்வாயன்று இறந்த குழந்தையைப் பற்றி. ரகுநந்தன் படித்துவிட்டு, "மேடம், வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார். பார்த்துக்கொள்ளட்டும். நான் பெரிய வீரம் ஏதோ செய்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. அந்த ஒன்றரை வரியை எழுதியபோது துரைசாணி மேல் எனக்கு முன்பிருந்த அருவருப்பு வரவில்லை. அவள் கை எழுதுவது எனக்குத் தெரிந்தது. நல்ல காகிதத்தில், ராத்திரி நேரத்தில், தன் பிள்ளை பக்கத்தில் தூங்க, அக்கறையோடு எழுதுகிற கை. அவளும் தன்னை ஒரு பயந்த அம்மா என்றுதான் நினைத்திருப்பாள்.

பூபதி திரும்பி வந்துவிட்டார், ஃபேக்டரியில் ஆள் இல்லை என்று. வரும்வரை பிரின்சிக்கு டிரிப் ஏறிக்கொண்டிருந்ததாம். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மேரியின் போன் அணைந்திருக்கிறது. சார்ஜர் கொண்டுபோகவில்லை.

நேற்றே எஸ்டேட் ஆபீஸ் எழுத்தரிடம் போய் அவள் பேரைத் திரும்பவும் செக்ரோலில் சேர்க்கக் கேட்டேன். "ஆளு வரட்டும், பாக்கலாம்" என்றார். நாளையும் போவேன். சேர்க்கும்வரை போவேன்.

ஜூன் 30, திங்கள்

மாதக் கடைசி. சிக்னல் கிடைக்கிற ஃபேக்டரி மேட்டில் நின்று இந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன். ஒன்றையும் கிழிக்கவில்லை. கிழிக்க நினைத்த பக்கங்கள் எவை என்று உனக்கே தெரியும்.

அவர்கள் இருப்பது நீ வேலை செய்கிற அதே ஆஸ்பத்திரி அக்கா. மூன்று நாளாக உன்னைக் கூப்பிடாதது வெட்கத்தால்தான். குழந்தைகள் வார்டு, இரண்டாவது மாடி. பெயர் பிரின்சி, தாய் லூர்துமேரி, கருங்குன்று எஸ்டேட். உனக்கு டியூட்டி அந்தப் பக்கம் இல்லையென்றாலும் ஒரு நடை போ. மேரி சாப்பிட்டாளா என்று கேள், ஒரு சார்ஜர் கொடு. குழந்தை எதையாவது குடிக்கிறதா, தாயிடம் பால் இருக்கிறதா, டாக்டர் என்ன சொல்கிறார், எல்லாம் உள்ளது உள்ளபடி எழுது. எனக்குத் தாங்காது என்று எதையும் மறைக்காதே. நான் யார் என்று பிறகு திட்டிக்கொள்ளலாம்.

இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி இந்த மேட்டுக்கு வருவேன். அதற்குள் பதில் போடு.